தொட்டியைக் கழுவிய பிள்ளைகள்

சிரியுங்கள் கண்ணுங்களா, ஆனால் அந்தப் பிள்ளைகளைத் திட்டிவிடாதீர்கள். நல்லது நினைத்துத்தான் செய்தார்கள்.

சுற்றுச்சூழல் பொறியியல் படிக்கிற முப்பது பேருக்கு உயிரியலில் அரிச்சுவடி சொல்லிக்கொடுக்க வந்தவள் நம் டீச்சர். குழாய், பம்ப், காங்கிரீட் என்றே பழகிய பிள்ளைகள். முதல் நாளே வகுப்பு லீடர் எழுந்து, "மேடம், ஒரு பாக்டீரியா எத்தனை குதிரைத்திறன்?" என்று கேட்டான். கிண்டல் இல்லையம்மா. எழுதிக்கொள்ளப் பேனாவைத் திறந்து வைத்திருந்தான்!

துறைத்தலைவர் அதற்கும் மேலே. பாடம் பாதி நடந்தபின் ஒரு நாள் கூப்பிட்டு, "சாக்கடைத் தண்ணியைச் சுத்தம் பண்ணப் போறவனுக்குப் பூச்சி புழு எதுக்கும்மா? வர்ற திங்கட்கிழமை பாடங்களைப் பார்வையிடக் குழு வரும். உருப்படியா ஒண்ணும் காட்டலைன்னா, அடுத்த வருஷம் இந்தப் பாடத்தைத் தூக்கிட்டு இன்னொரு காங்கிரீட் பாடம் போட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டார். பாடம் போனால் டீச்சருக்கு அங்கே என்ன வேலை?

அவள் நம்பியிருந்தது ஆய்வகத்து மூலையில் இருந்த கண்ணாடித் தொட்டியை. உள்ளே இருபது லிட்டர் பழுப்புச் சேறு, அடியில் ஓயாமல் குமிழ்விடும் காற்றுக்குழாய். சேறு முழுக்க நுண்ணுயிர்கள். காலையில் அழுக்குத் தண்ணீரை ஊற்றினால் அழுக்கைத் தின்று தீர்த்துவிடும். சாயங்காலம் காற்றை நிறுத்தினால் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், மேலே தெளிந்த நீர் நிற்கும். இரண்டு மாதம் ஊட்டி வளர்த்திருந்தாள்.

வியாழக்கிழமை அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக லீவு போட்டாள். வெள்ளி காலை வந்து பார்த்தால், ஆய்வக வாசலில் வகுப்பே பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

"கண்ணை மூடிக்கோங்க மேடம்!"

திறந்தால் எதிரே தொட்டி. முகம் பார்த்துப் பவுடர் பூசிக்கொள்ளலாம், அப்படி ஒரு பளபளப்பு.

"எங்கடா என் சேறு?"

"சிங்க்ல ஊத்திட்டோம் மேடம்" என்றான் லீடர். "குழு வர்ற நேரத்துல இவ்ளோ அழுக்கா இருந்தா உங்களுக்குத்தானே கெட்ட பேரு? ப்ளீச்சிங் பவுடர் போட்டு மூணு தடவை தேய்ச்சோம். ஒரு கிருமிகூட மிச்சமில்ல!"

டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "அதுங்கதாண்டா தண்ணியைச் சுத்தம் பண்றதே. ரெண்டு மாசமா தொண்டை வத்தக் கத்தினேனே, எதைப் பத்தின்னு நினைச்சே?"

"அது பாடத்துல வர்றதுன்னு நினைச்சோம் மேடம். இந்தத் தொட்டியில இருக்கும்னு நினைக்கல."

எல்லோரும் கால்குலேட்டர் என்று கூப்பிடுகிற பெண் மெதுவாகக் கேட்டாள்: "ஒரு சொட்டுல எத்தனை இருக்கும் மேடம்?"

"சில கோடி இருக்கும்."

அவள் உடனே கணக்குப் போட ஆரம்பித்தாள். பூஜ்யங்கள் நோட்டின் ஓரத்தை முட்டி அடுத்த வரிக்கு இறங்கின. பேனாவை வைத்துவிட்டாள். கண் கலங்கிவிட்டது.

"எல்லாரும் ரெண்டு நிமிஷம் மௌனமா நிக்கலாமா மேடம்?" என்றான் லீடர்.

"வாயை மூடிட்டுக் கேனை எடு!"

தொட்டியில் ப்ளீச்சிங் வாடை போகும்வரை அலசச் சொல்லிவிட்டு, லீடரையும் கால்குலேட்டரையும் இழுத்துக்கொண்டு ஊர்க்கோடியில் இருந்த கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு உயிருள்ள சேறு கேட்டுப் போனாள். அங்கே இருந்த ஆபரேட்டர் கேன்களைப் பார்த்துச் சிரித்தார். "இந்தப் பக்கம் வந்தாலே மூக்கைப் பொத்திட்டு ஓடுவாங்க. கேட்டு வாங்கிட்டுப் போறவங்களை இன்னிக்குத்தான் பாக்குறேன். வழியில நிக்காம நேராப் போங்க தாயி, காத்து இல்லைன்னா செத்துடும்."

திரும்பும் பஸ்ஸில் கேன்களை மடியில் வைத்துக்கொண்டு, லீடர் சைக்கிள் பம்பால் காற்றடித்துக்கொண்டே வந்தான். மண்வாசனை வந்தால் உயிரோடு இருக்கிறது, நாற்றம் வந்தால் மூச்சு முட்டுகிறது என்று டீச்சர் சொல்லியிருந்தாள். அதனால் கால்குலேட்டர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் குனிந்து மோந்து பார்த்தாள்.

பக்கத்து சீட்டு அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "யாருக்குப்பா உடம்பு சரியில்ல?"

"இதுங்களுக்குத்தான் ஆன்ட்டி. ரெண்டாவது கேன்ல கொஞ்சம் திணறுது" என்றான் லீடர், பம்பை மாற்றிக்கொண்டே. அந்த அம்மாள் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் பிள்ளைகள் முறைபோட்டு ஊட்டினார்கள்.

திங்கட்கிழமை குழு வந்தது. காற்றை நிறுத்தினார்கள். சேறு படிந்தது, ஆனால் மேலே நின்ற நீர் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கலாக இருந்தது. துறைத்தலைவர் "நான் அப்பவே சொன்னேன்" என்கிற முகத்தோடு நின்றார்.

"ஏன் தெளியல?" என்று குழுத்தலைவி கேட்டாள்.

டீச்சர் வாயெடுப்பதற்குள் லீடர் முன்னால் வந்தான். "நாங்க கொன்னுட்டோம் மேடம். ப்ளீச்சிங்குக்கு நல்லது கெட்டது தெரியாது, எல்லாத்தையும் கொன்னுடும். இதுங்க வெள்ளிக்கிழமைதான் குடிவந்துச்சு. இந்தத் தண்ணி இன்னும் பழகல. ஒரு வாரம் குடுங்க, தெளியும்."

"இதெல்லாம் எப்போ கத்துக்கிட்டே?"

"கொன்னதுக்கு அப்புறம்தான் மேடம்."

குழுத்தலைவி சிரித்துவிட்டாள். ஆனாலும் பாடத்தை வைப்பதும் எடுப்பதும் துறைத்தலைவர் பொறுப்பு என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்கள்.

எல்லோரும் போனபின் துறைத்தலைவர் கதவைச் சாத்தினார். தொண்டையைச் செருமினார். "ஏம்மா... வீட்டு செப்டிக் டேங்க்ல நான் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ரெண்டு பாட்டில் பினாயில் ஊத்துறேன். சுத்தமா இருக்கட்டுமேன்னு."

"எத்தனை வருஷமா சார்?"

"பதினோரு வருஷமா."

"ப்ளீச்சிங் மாதிரிதான் சார் பினாயிலும். டேங்க் அடிக்கடி நிரம்பி வழியுமே?"

"காங்கிரீட்ல குறைன்னு மூணு தடவை இடிச்சுக் கட்டினேன்மா" என்றார்.

டீச்சர் சிரிப்பை எப்படி அடக்கினாளோ, பாவம்.

துறைத்தலைவர் அடுத்த வருஷ அட்டவணையை மேஜையில் விரித்து, பேனாவை எடுத்து, உயிரியல் இருந்த கட்டத்தை அடித்தார். பிறகு பக்கத்தில் இருந்த காங்கிரீட் வகுப்பையும் அடித்துவிட்டு, இரண்டு கட்டத்துக்கும் சேர்த்துப் பெரிதாக 'உயிரியல்' என்று எழுதினார்.