ஏடு தொடக்கிய கை

பன்னிரண்டு வருடமாக அந்தக் குடியேற்றக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்து, சட்டை கழுவி, ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுத்தவள் முன்பள்ளி ஆசிரியை பிரேமிளா. ஆனால் விஜயதசமியன்று ஏடு தொடக்க மட்டும் அவள் கை ஆகாது. ஓய்வுபெற்ற சிற்றம்பலம் மாஸ்ரர்தான் வந்து, பிள்ளையை மடியில் இருத்தி, விரல் பிடித்து அரிசியில் எழுதுவிப்பார். காரணத்தை யாரும் சொன்னதில்லை. பிரேமிளாவின் தாத்தா தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்; மற்றக் குடும்பங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவை. எல்லாரும் வந்தவர்கள்தான். வந்ததிலும் மேல் கீழ் இருக்கிறதே, என்ன செய்ய?

ஆடியில் மாஸ்ரர் காலமானார். செத்த வீட்டில் அழும்போதே பிரேமிளாவின் மனம் கள்ளத்தனமாக ஓர் ஆசையையும் வளர்த்தது. இந்த முறை என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

அப்போதுதான் கனடாவில் பிறந்த வினோஜா, மூன்று வாரம் முன்பள்ளியில் தொண்டு செய்ய வந்து இறங்கினாள். நல்ல பிள்ளை. தமிழ் பேசுவாள், எழுதத் தெரியாது. பெற்றோர் சங்கத் தலைவி விமலேஸ்வரிக்கோ கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி.

“டீச்சர், ஏடு தொடக்க வினோஜாவைக் கேட்டிருக்கிறம். குறை நினையாதேங்கோ. பிள்ளைக்கு ‘அ’ எழுதக் காட்டிக் குடுங்கோ.”

“ஓம்” என்றாள் பிரேமிளா.

இரண்டு பின்னேரம் மணலில் எழுதிக் காட்டினாள். வினோஜா சுழியை விட்டுவிட்டு வாலிலிருந்து தொடங்கினாள்.

“டீச்சர், இதை நீங்களே செய்யலாமே?”

“அதை விமலேஸ்வரி அக்காவிட்டக் கேளுங்கோ.”

வினோஜா கேட்டாள். “பாருங்கோ, பிள்ளைக்கு என்ன தன்னடக்கம்” என்று விமலேஸ்வரி ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததுதான் மிச்சம்.

விஜயதசமியன்று பூசை முடிய, பிள்ளைகள் வினோஜாவின் மடியில் ஏறி இறங்கினார்கள். அரிசியில் விழுந்தது எழுத்தா, கோழி கிளறியதா என்று தெரியவில்லை. தாய்மார் கண் கலங்கினார்கள். ஒவ்வொரு முறையும் பிரேமிளா அரிசியைத் தடவிச் சமப்படுத்தினாள்.

“இனி உங்கட மகளை இருத்துங்கோ டீச்சர்” என்றாள் விமலேஸ்வரி.

மூன்று வயது லக்சிகா தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க எழுதுங்கம்மா.”

எல்லாரும் பார்த்தார்கள். அந்த இடத்திலேயே மகளைத் தன் மடியில் தூக்கி வைத்திருக்கலாம். வைத்தால், டீச்சருக்கு எரிச்சல் என்ற கதை பொழுதுபடுமுன் குடியேற்றம் முழுக்கச் சுற்றிவிடும். பிரேமிளா மகளைக் கொண்டுபோய் வினோஜாவிடம் கொடுத்தாள். அதற்காக அவள் தன்னை இன்றுவரை மன்னிக்கவில்லை.

வினோஜா வழக்கம்போல் வாலிலிருந்து இழுத்தாள். சின்ன விரல் கேட்கவில்லை. சுழியில் தொடங்கி, வளைந்து, நேரே இறங்கி, அச்சடித்த மாதிரி ஒரு ‘அ’ எழுதியது. ஆறு மாதமாகக் அடுப்படி வாசலில் தாயின் கைக்குள் இருந்து பழகிய விரல்.

எல்லாரும் கைதட்டினார்கள். வினோஜா நிமிர்ந்து பிரேமிளாவைப் பார்த்தாள். யார் பழக்கிய விரலென்று அவளுக்கு விளங்கிவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள், விமலேஸ்வரி முந்திக்கொண்டாள்.

“பாத்தீங்களே வினோஜாப் பிள்ளையின்ர கைராசியை. உங்கட மகள் குடுத்து வைச்சவள் டீச்சர். ஒரு நன்றி சொல்லுங்கோ.”

பிரேமிளா நன்றி சொன்னாள்.