ஆறாவது முகவரி

எங்கள் காலனி சர்ச் ஹாலில் ஒரு சுவிட்ச் பெட்டி இருக்கிறது. சாலவாக்கத்துக்கே இன்டர்நெட் கொடுக்கும் வேதாசலத்தின் பெட்டி. அவரிடம் வேலை பார்க்கும் பீட்டராகிய நான்தான் அதை மாட்டினேன். எந்த போன், எந்த லேப்டாப் வந்தாலும் அதன் முகவரியை, அதாவது அதற்கே உரிய எண்ணை, தானாகக் கற்றுக்கொண்டு வழிவிடும். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காது. எங்கள் ஊரில் அப்படிக் கேட்காதது அது ஒன்றுதான்.

வேதாசலத்துக்கு அதுவும் பொறுக்கவில்லை.

"இன்னாடா பீட்டரு, உங்காளுங்க ஒரு லைன்ல முப்பது பேரு தொங்கிக்கினு கீறாங்க. அஞ்சுக்கு மேல ஏறக் கூடாது."

ஊர்த் தெருவில் ஒரே லைனில் கல்யாண மண்டபமே ஓடுகிறது. அதைச் சொல்லியிருக்கலாம். வேலை போய்விடுமே என்ற பயம் பாதி. மீதியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது: என் வித்தையைக் காட்ட ஆசை.

"கத்துக்கிறதையே நிறுத்திடலாங்க. லிஸ்ட்ல கீற அஞ்சு முகவரிக்குத்தான் வழி. ஆறாவதா ஒண்ணு வந்தா லைனே மூடிக்கும். நாம தொறந்தாதான் உண்டு."

"அப்படிப் போடு! பாஸ்வேர்டு என்னாண்டயே இருக்கட்டும்."

மற்றவர்கள் போன்களிலிருந்து ஹால் லைனை நானே நீக்கினேன், காரணம் யாருக்கும் சொல்லவில்லை. அந்த ஐந்தில் ஒன்று என் அக்கா மகள் சுகிர்தாவின் லேப்டாப். அவளுக்கு நர்சிங் கவுன்சிலிங். வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் கல்லூரிகளை வரிசைப்படுத்தி அனுப்ப வேண்டும். தவறினால் சீட்டு இல்லை.

அன்றைக்கு நாலு மணிக்கு அவள் லேப்டாப் அணைந்துபோனது. எங்கள் காலனியில் இதற்கெல்லாம் யாரும் கலங்குவதில்லை. மிக்சியோ லேப்டாப்போ, கேட்ட வீட்டுக்குப் போகும். பக்கத்து வீட்டு ஜெயம்மாள் தன் மகனுடையதைக் கொண்டுவந்து கொடுத்தாள். சுகிர்தா அதை ஹால் லைனில் சேர்த்ததும் பெட்டி ஆறாவது முகவரியைக் கண்டது. மொத்தக் காலனிக்கும் லைன் மூடிக்கொண்டது.

கொஞ்சமாவது சிக்னல் கிடைக்கும் ஏரிக்கரைக்கு ஓடிப்போய் எனக்கு போன் செய்தாள். "மாமா, நெட்டு பூட்ச்சி. போன்ல பேசத்தான் முடியுது, பக்கம் தொறக்கல. சீக்கிரம் வா மாமா."

நான் உத்திரமேரூரில் கம்பத்தின் மேல் இருந்தேன். வேதாசலம் போனை எடுக்கவில்லை. பைக்கை விரட்டி அவர் வீட்டு வாசலில் நின்றபோது நாலே முக்கால். தூங்குகிறார், எழுப்பக் கூடாது என்றார்கள். கெஞ்சினேன். எழுந்து, முகம் கழுவி, காபி குடித்துவிட்டு வந்தார்.

"ஆறாவதா வந்தது யாரு? அத்த சொல்லு மொதல்ல."

சொன்னேன். ஒற்றை விரலால் போனில் தட்டித் தட்டித் திறந்தார். மணி ஐந்து பன்னிரண்டு.

"சொன்ன மாதிரியே மூடிக்கிச்சே! கில்லாடிடா நீ."

நான் ஹாலுக்குப் போனபோது சுகிர்தா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஜெயம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"எம் புள்ளையோடது பழசும்மா. அதான் கெடுத்துட்ச்சி. நான் எடுத்தாந்தே இருக்கக் கூடாது." என்னைப் பார்த்தாள். "நீயே சொல்லு பீட்டரு, அதனாலதான?"

சுகிர்தாவும் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஆமாங்க்கா, பழசுதான்" என்றேன்.