லோக்கல் சங்கிலி

அக்காவின் வீட்டுக்காரருக்கு நான் மனதுக்குள் வைத்திருக்கும் பெயர் சங்கிலியார். பிளாக்செயின், அதாவது பதிவுகளைச் சங்கிலிபோலக் கோத்துப் பல கணினிகளில் வைக்கும் முறை, அந்தச் சொல் காதில் விழுந்த நாளிலிருந்து அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு தடவை எழுதிவிட்டால் யார் வந்தாலும் அழிக்க முடியாது என்று பார்ப்பவரிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தார். அதில் விழுந்தது அக்கா எழுத்தராக இருக்கும் தையல் பயிற்சிப் பள்ளி. பதினொரு வருடத்துச் சான்றிதழ் விவரங்களையும் என் வீட்டுக்காரரே அதில் ஏற்றித் தருவார், அதற்கு நான் பொறுப்பு என்று பள்ளி முதல்வரிடம் அக்கா வாக்குக் கொடுத்தாள். பதிவேடுகள் கட்டுக்கட்டாக வீட்டுக்கு வந்தன.

சங்கிலியார் ஒரு வீடியோவைப் பார்த்து, அதில் சொன்னதைச் சொன்னபடியே செய்திருந்தார். கணினித் திரையில் ஒரு கறுப்பு ஜன்னலைத் திறந்து ஒரு கட்டளையைத் தட்டினால், கணினிக்குள்ளேயே ஒரு குட்டிச் சங்கிலி ஓடத் தொடங்கும். எங்களைப் போல நிரல் எழுதுகிறவர்கள் சோதித்துப் பார்க்க வைத்திருக்கும் விளையாட்டுச் சாமான் அது. ஜன்னலை மூடினால் எழுதியதெல்லாம் போச்சு. மூடாதீர்கள் என்று வீடியோக்காரன் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, இந்த மேதாவி கணினியை அணைக்கவே இல்லை.

மூன்று வாரத்துக்கு முன் அக்கா வீட்டுக்குப் போனபோது திரையில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்ற முகவரியைப் பார்த்தேன். அந்த ஒரு கணினிக்குள் மட்டுமே திறக்கும் முகவரி அது. இது என்ன அத்தான் என்று கேட்டேன்.

“லோக்கல்னா நம்ம ஊரு மாப்ள. மெயின் சங்கிலியில ஒரே நெரிசல். அதான் ஊர்க் கிளையில போட்டிருக்கேன்.”

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். பன்னிரண்டு வருடமாக இதே தொழிலில் இருப்பவன், அன்றே சொல்லியிருக்கலாம். ஆனால் நீயெல்லாம் சம்பளத்துக்கு மாரடிக்கிறவன், உனக்கு இது புரியாது என்று சாப்பாட்டு மேஜையில் எல்லார் முன்னாலும் சொன்ன வாய் அது. பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். வீடு திரும்பும் வழியெல்லாம் அது இனிக்கவும் செய்தது.

அதன் பிறகும் அக்கா மாலைதோறும் உட்கார்ந்து நானூற்றுப் பன்னிரண்டு பேரை ஏற்றினாள். முடிந்ததும், இனி இந்தக் குப்பை எதற்கு என்று பதிவேடுகளைச் சங்கிலியார் பழைய பேப்பர் கடையில் தள்ளிவிட்டார். நேற்று முதல்வர் பள்ளியிலிருந்து இவர் கொடுத்த அந்த முகவரியைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. உங்கள் நெட் மந்தம் என்று இவர் போனில் அந்த அம்மாவுக்கே பாடம் எடுத்தார். அப்புறம் சரிசெய்கிறேன் பேர்வழி என்று கணினியை அணைத்துப் போட்டார்.

இன்று காலை அக்கா கூப்பிட்டு ஓடினேன். ஒரு பெயர்கூட மிச்சமில்லை. தன் கையால் அணைத்த மனிதர், நீதான் அந்த ஜன்னலை மூடியிருப்பாய் என்று அக்கா மேல் பாய்ந்துகொண்டிருந்தார். மருந்துக்கும் வெட்கமில்லை. பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

யார் மூடினாலும் போயிருக்கும், அது வெறும் சோதனைச் சங்கிலி, மீட்க வழியில்லை என்று அக்காவிடம் சொன்னேன். சான்றிதழ் நகல் கேட்டு வரும் பெண்களுக்கு இனிப் பள்ளி எதைக் காட்டும்? அக்காவை எந்த முகத்தோடு வேலையில் வைத்திருப்பார்கள்? அவள் அத்தானை ஒரு வார்த்தை திட்டவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

“அன்னிக்கு வந்து பார்த்தியே. அப்பவே உனக்குத் தெரியுமா?”

தெரியும் என்றேன்.

முதல்வரிடம் பேசப் போனை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“உங்க அத்தானுக்காவது தெரியாதுடா” என்றாள்.