இல்லாத இரும்பு

என் தம்பி சயந்தனின் மூக்கை என் புருசன் கிறிஸ்துராஜா உடைத்தது, கிட்டத்தட்ட முந்நூறு வருசத்துக்கு முன் செத்துப்போன ஒரு பாதிரியாரால். தம்பி தத்துவம் படிக்கிறவன். ஞாயிற்றுக்கிழமை லண்டன் நோர்பரியில் எங்கள் வீட்டுக்கு வந்தால் பேசாமல் சாப்பிட மாட்டான்.

“கதிரை, கோப்பை ஒண்டும் வெளியில இல்லை அத்தான். எல்லாம் மனசுக்கைதான். ஆரும் பாக்காத பொருள் இல்லாத பொருள். அந்தப் பாதிரியார் அப்பவே சொல்லிப்போட்டார்.”

கிறிஸ்துராஜா இடியப்பத்தைப் பிசைந்தபடி கேட்டார்: “அப்ப அறையைப் பூட்டினால் கட்டில் இல்லாமப் போயிடுமோ?”

“இல்லை. கடவுள் பாத்துக்கொண்டிருக்கிறார்.”

“ஊரில ஷெல் குண்டு விழேக்கையும் பாத்துக்கொண்டிருந்தவரோ?”

தம்பி சிரித்தான். சிரிப்பு முடியமுன் குத்து விழுந்தது. எலும்பு நொறுங்கியது எனக்குக் கேட்டது. சொதிக்குள் ரத்தம் கொட்டியது. கதிரையோடு சரிந்தவனை இவர் விலாவில் உதைத்தார். நான் குறுக்கே விழுந்து ஒரு உதை வாங்கித்தான் நிறுத்தினேன்.

இவர் பஸ் ஓட்டுகிறவர். ஒருநாளும் கை நீட்டாதவர். வலது கண்ணுக்குப் பின்னால் ஓயாத குத்துவலி என்பதால் வேலைக்கு விடவில்லை. ஸ்கான் சரியென்றால் மறுபடி ஓட்டலாம். அந்த எரிச்சல்தான் என்று நினைத்தேன், மடைச்சி நான்.

ஆஸ்பத்திரியில் தாதி கேட்டாள், உடம்புக்குள் இரும்பு ஏதும் உண்டா, காந்தம் இழுத்துவிடும் என்று. கேள்வி முடியமுன்னே “இல்லை” என்றார்.

ஸ்கான் மெசினுக்குள் போன கொஞ்ச நேரத்தில் அலறினார். வெளியே இழுத்தபோது வலது கண் ரத்தமாக இருந்தது. கண்ணுக்குப் பின்னால் ஷெல் துண்டு அசைந்துவிட்டதாம். இத்தனை வருசம் பக்கத்தில் படுத்த எனக்கே தெரியாது.

அன்றைக்குத்தான் சொன்னார்: ஊரில் சண்டை முடிந்த நேரம் ஆமியின் சோதனைச் சாவடியில், உடம்பில் ஷெல் துண்டு உள்ளவர்களைப் போராளி என்று தனியே இழுத்துப்போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை. “இல்லை” என்று சொல்லித்தான் இவர் உயிர் தப்பினார். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அந்தச் சொல்தான் வாயில் வரும்.

கண் போய்விட்டது. இனி பஸ்ஸும் இல்லை.

மூக்கில் பிளாஸ்டரோடு தம்பி கட்டிலருகே வந்து நின்றான்.

“நீ சொன்னதைத்தானடா நான் இவ்வளவு காலமும் நம்பினனான்” என்றார் இவர். “ஒருத்தருக்கும் காட்டாட்டி அது இல்லையெண்டு.”

தம்பி அழுதான். இவர் கை நீட்டி அவன் மூக்கைத் தொட்டார்.

“நோகுதோ?”

“ஓம் அத்தான்.”

“எனக்கும்” என்றார்.