பழைய சரக்கும் நைட்ரிக் ஆக்சைடும்

1
இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. வில்லியனூரில் கமருதீன் பாய் மளிகைக்கடைக்குச் சீரகம் வாங்கப் போனேன். ஆராய்ச்சி மாணவியான அவர் மகள் ஃபர்ஹீன் பிடித்துக்கொண்டாள். "அங்கிள், தீசிஸ்ல நன்றிப் பக்கம் தமிழ்ல போடணும். நீங்கதான கதயெல்லாம் எழுதுறீங்க?"

2
'உயிரணுக்களின் ஆற்றல் நிலையமாகிய மைட்டோகாண்டிரியா' (வேண்டாம், தூக்கம் வருகிறது.)

நேராகவே சொல்கிறேன். நம் செல்லுக்குள் ஆக்சிஜன் செலவாவது பெரும்பாலும் மைட்டோகாண்டிரியாவில். அங்கே ஆக்சிஜன் உட்காரும் இடத்தில் நைட்ரிக் ஆக்சைடு போய் உட்கார்ந்துகொள்ளும். செல்லின் மூச்சு குறையும். அது எழுந்து போனதும் மூச்சு திரும்பும். இதைக் கோடாகப் பதிந்து காட்டுவதுதான் ஃபர்ஹீனின் ஆராய்ச்சி.

மூன்று மாதம் கோடு இறங்கவே இல்லை. மாதக் கடைசிக்குள் இறங்காவிட்டால் தலைப்பை மாற்று என்றுவிட்டார் பேராசிரியர். நைட்ரிக் ஆக்சைடு தருவதற்காகக் கம்பெனி அனுப்பிய மருந்து சரியில்லை என்று இவள் அவரிடம் சொல்லிவைத்தாள்.

3
ஆய்வகத்தில் பாட்டில் கழுவும் கல்பனாதான் ஒருநாள் கேட்டார். "இன்னாம்மா, முந்தாநாள் கலக்குனதயே எடுக்கிற? மத்த பசங்க அன்னன்னிக்குக் கலக்கி, மிச்சத்த ஊத்திடுவாங்களே."

பழைய சரக்கை முன்னால் வைத்து முதலில் தள்ளுவது கடைக்காரர் வீட்டுப் பழக்கம். நைட்ரிக் ஆக்சைடு தரும் கரைசலிலோ மறுநாளே வாயு இருக்காது.

(படித்த பெண்ணுக்கு இது தெரியாதா? எனக்கும் சந்தேகம்தான். கேட்டேன். "பாட்டில் மேலயே போட்டிருக்கு அங்கிள். கொட்ட மனசு வரல.")

புதிதாகக் கலக்கினாள். கோடு இறங்கியது, பிறகு மெல்ல ஏறியது. ஃபர்ஹீன் கல்பனாவைக் கட்டிக்கொண்டு அழுதாளாம்.

4
'கல்பனா அக்காவுக்கு நன்றி, ஏனென்றால்' என்று எழுதி நின்றுவிட்டோம். பேராசிரியர் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். காரணம் எழுதினால் கம்பெனிமேல் போட்ட பழி பொய் என்று தெரிந்துவிடும்.

முடிவு அ: 'அன்புக்கு நன்றி.' (பாதுகாப்பானது. எழுதவே கூசுகிறது.)

முடிவு ஆ: கல்பனா அக்காவையே கேட்பது. போனில் கேட்டோம்.

"எம்பேரு புக்குல வருதா? அய்யோ! எதுக்குன்னும் போடுவல்ல? எம்பொண்ணு படிச்சிக் காட்டுவா."

ஃபர்ஹீன் போனை வைத்துவிட்டு, என் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டாள். அவள் எழுதியதை நான் சொல்லப்போவதில்லை. உங்கள் மூன்று மாதத்தை ஒருவர் மீட்டுக் கொடுத்திருந்தால், அவர் வீட்டில் ஒரு பெண் உரக்கப் படிக்கப்போகும் வரி எப்படி இருக்கவேண்டுமோ, அப்படி நீங்களே எழுதுங்கள். ஏனென்றால்