காய்ச்சல் விடுப்பு

"பத்திரம் பதிவான அன்று மனுதாரர் விடுப்பில் இருந்தார். அவருக்கும் இந்த விற்பனைக்கும் தொடர்பில்லை. அவர் மீதான குற்ற வழக்கு ரத்து செய்யப்படுகிறது."

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி இதைச் சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சார்பதிவாளர் சோலைமலை மூன்று வருடமாகச் செத்துச் செத்துப் பிழைத்தது இதற்காகத்தான்.

வெளியே வக்கீல் மரியதாஸ் கையைக் குலுக்கினார். "இனி நிம்மதியா ரிட்டயர் ஆகலாம் சார். ஒரு நாள் லீவு உங்களக் காப்பாத்திருச்சு."

அந்த லீவின் கதை வக்கீலுக்குத் தெரியாது. பதிவு அலுவலகத்தில் அது பழைய பழக்கம். தப்பான பத்திரம் பெரிய இடத்திலிருந்து வந்தால், அன்று அதிகாரிக்குக் காய்ச்சல் வந்துவிடும். பொறுப்பில் இருக்கும் எழுத்தர் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொள்வார். முந்தின நாளே சோலைமலையிடம் அந்தப் பத்திரத்தின் நகலைக் காட்டியிருந்தார்கள். விற்பவர் பெயர் ஒச்சம்மாள். அதில் ஒட்டியிருந்த படத்தில் இருந்தவளோ வேறு யாரோ. வில்லங்கச் சான்று வாங்க வந்த ஒச்சம்மாளை அவருக்குத் தெரியும். இடது கன்னம் முழுக்கத் தீக்காயத் தழும்பு. மனிதர் மூச்சு விடவில்லை. வீட்டுக்குப் போய் விடுப்புக் கடிதம் எழுதினார்.

அன்றிலிருந்து எந்தப் பத்திரத்தைப் புரட்டினாலும் படத்துக் கன்னத்தில் அந்தத் தழும்பு தெரியும். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் இருக்காது. சவரம் செய்யும்போது தன் கன்னத்தையே பயந்து பயந்து தடவிப் பார்ப்பார். கோழைக்குத் தண்டனை கோர்ட்டில்தான் கிடைக்க வேண்டுமா என்ன?

இப்போது கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் ஒச்சம்மாள் நின்றிருந்தாள். ஓடிவிடலாம் போலிருந்தது. அவளே கிட்ட வந்தாள்.

"கோவிச்சுக்காதீக சார். ஆபீசுல உள்ள எல்லார் பேரையும் புகார்ல எழுதிக் குடுத்துட்டேன். நீங்க அன்னைக்கு இல்லேன்னு எனக்குத் தெரியாது."

"பரவாயில்லம்மா."

"நீங்க மட்டும் சீட்டுல இருந்திருந்தா என் மூஞ்சி ஞாவகம் வந்திருக்கும், விட்டிருக்க மாட்டீக. என் கெட்ட நேரம், அன்னைக்குன்னு பாத்து உங்களுக்குக் காச்ச."

நகலைப் பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் வழக்கு நிற்கும், நிலம் திரும்பும். தான் மறுபடி கூண்டில் ஏற வேண்டும். வக்கீல் கார்க் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். சோலைமலை கார்ப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தார்.

ஒச்சம்மாள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"இப்பவும் இப்பிடி வேர்த்து ஊத்துதே சார். ஒடம்பு இன்னும் சொகமாகலையா?"