பந்தய வண்டியின் துண்டு

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் மேசையில் ஒரு கார் இருந்தது. கைக்குள் அடங்குகிற கார். அச்சில் ஈயம் ஊற்றி வார்த்து, பச்சைச் சாயம் பூசிய பந்தய வண்டி. துரையின் தம்பி சீமையில் இதே மாதிரிப் பெரிய வண்டியை ஓட்டி, அதிலேயே செத்துப்போனானாம். அதனால் துரையைத் தவிர யாரும் அதைத் தொடக்கூடாது. தூசி தட்டுகிற பெரியாயி மட்டும் தொடலாம்.

பெரியாயி தொட்டதோடு நிற்கவில்லை. ஆளில்லாத நேரம் ஒரு விரலால் அதை மேசையில் ஓட்டிப் பார்ப்பாள். புருஷனை வாந்திபேதிக்குப் பறிகொடுத்துவிட்டு, ஆறு வயது மகள் பாக்கியத்தோடு கூலிகள் குடியிருக்கும் லயத்து வரிசையில் காம்பரா என்கிற ஒற்றை அறையில் கிடப்பவளுக்கு வேறென்ன விளையாட்டு இருக்கிறது?

அந்தச் சனிக்கிழமை பாக்கியத்துக்கு நாலாம் நாள் காய்ச்சல். நெஞ்சுச் சளி இழுத்துக்கொண்டிருந்தது. "வெளியில கொண்டு போயிறாத. ஈரம் பட்டா புள்ள தாங்காது" என்று மருந்துக்கார ஐயா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மகள் நினைப்பிலேயே பெரியாயியின் விரல் வண்டியைத் தள்ள, அது மேசை விளிம்பைத் தாண்டி விழுந்தது. ஒரு சக்கரம் முறிந்து எங்கேயோ உருண்டுவிட்டது.

வாசலில் துரை நின்றார். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. துரைக்குத் தமிழ் தெரியும் என்று பேர்தான். தெரிந்தது முப்பது நாற்பது சொல், அதிலும் பாதியை விழுங்கிவிடுவார்.

"பெரியாயி, துண்டு" என்றார். "இப்ப. துண்டு."

முறிந்த சக்கரத் துண்டைத்தான் கேட்டார் அந்த மனிதர். ஆனால் தோட்டத்தில் துண்டு என்றால் வேலையை விட்டு அனுப்பும்போது கொடுக்கிற கடுதாசி. துரை வாயிலிருந்து அந்தச் சொல் வந்தால் பொழுது சாய்வதற்குள் காம்பராவைக் காலி செய்ய வேண்டும். போன மாசம் பக்கத்துக் காம்பராக்காரர்கள் சுணங்கினார்கள். அவர்களுடைய சட்டிபானை மழையில் கிடந்தது. என்ன துண்டு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று உட்கார்ந்த இடத்திலிருந்து நாம் சொல்லிவிடலாம். துரையைத் திருப்பிக் கேட்டவர்கள் பட்ட அடியைப் பெரியாயி கண்ணால் பார்த்தவள்.

"சரிங்க தொரை" என்று கும்பிட்டுவிட்டு லயத்துக்கு ஓடினாள்.

கடுதாசி எழுதித் தரும் கணக்கப்பிள்ளை பண்டாரவளைக்குப் போயிருந்தார். அதைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம், இப்போதைக்கு ஹல்துமுல்லையில் இருக்கும் அண்ணன் வீடுதான் கதி என்று மகளைக் கம்பளியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு மலையிறங்கினாள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. பாழாய்ப்போன மழை, ஒதுங்க ஒரு கூரை இல்லாத இடமாகப் பார்த்துக் கொட்டியது. கம்பளி நனைந்து கனத்தது.

"அம்மா, குளுருது."

"இந்தா வந்துட்டோம்டி. மாமா வீட்டுல அடுப்பு எரியும்."

பிள்ளை இரண்டு முறை இருமினாள். அப்புறம் இழுப்பும் அடங்கியது. தூங்கிவிட்டாள், நல்லதுதான் என்று பெரியாயி நடையை எட்டிப் போட்டாள்.

பெரகல சந்திக்கு வரும்போது அந்திக் கருக்கல். அங்கே தேத்தண்ணிக் கடை வைத்திருந்த காமில் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "மொதல்ல புள்ளைக்கு ரெண்டு வாய் தேத்தண்ணி குடும்மா" என்று கோப்பையை நீட்டினார். பெரியாயி கம்பளியை விலக்கினாள். வாயருகே வைத்த தேநீர் கடைவாயில் வழிந்து கழுத்துக்கு இறங்கியது. காமில் குனிந்து பிள்ளையின் கையைத் தொட்டுப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு, ஒரு சாக்கைக் கொண்டுவந்து விரித்தார். பெரியாயி பிள்ளையைக் கீழே விடவில்லை.

அப்போதுதான் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கிற கங்காணி மாடசாமி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"ஏண்டி, கிறுக்கச்சி, எதுக்கு ஓடியாந்த? தொரை ஒன்னய வெரட்டவே இல்ல. கார் பொம்மையில முறிஞ்ச துண்டத்தான் கேட்டிருக்காரு. நீ ஓடிட்டேன்னு அவருக்கே கஷ்டமாப் போச்சு. ஒண்ணும் கோவமில்ல. கெளம்பு, காலையில பேரு கூப்புடுற பெரட்டுக்கு வந்துரு. நான் பேரு போட்டுர்றேன்."

பெரியாயி அவரை நிமிர்ந்து பார்த்தாள். மடியில் கிடந்த மகளின் தலைமுடியிலிருந்து நீரை முந்தானையால் ஒற்றினாள்.

"வாரேங்க கங்காணி" என்றாள். "இவளப் பொதைச்சிட்டு வாரேன்."